நாலாம் காம்பராவின் தரை மட்டம்

என் அக்காவுக்குக் கிடைக்கவிருந்த வீட்டை நான்தான் நிறுத்தினேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் படிவத்தில் இருந்த கையெழுத்து என்னுடையது. கீழே திகதியும் என் கையால் எழுதியதுதான். பழியை வேறு யார் தலையிலும் போட முடியாது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஹட்டன் கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மலைநாட்டுப் பழைய கட்டடங்களை அளந்து, கணினியில் முப்பரிமாண மாதிரியாக வரைந்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் அதனதன் இடத்தில் குறித்து வைப்பது எங்கள் வேலை. ஒரு கட்டடத்தைத் திருத்தவோ இடிக்கவோ யாராவது அனுமதி கேட்டால், மாவட்டக் குழு எங்கள் வரைபடத்தைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்லும். நான் அங்கே படவரைஞர். அளக்கவும் நான்தான் போவேன்.

எங்கள் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர். ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் இருந்தது. எவ்வளவு கோபம் வந்தாலும் எங்களை ‘நீர்’ என்றுதான் விளிப்பார். மனிதர் சொல்வதை நம்பமாட்டார், கருவி சொல்வதை நம்புவார். ‘டோட்டல் ஸ்டேஷன்’ என்ற அந்தக் கருவி மூன்று கால் தாங்கியின்மேல் நிற்கும். ஒருவர் கண்ணாடி பொருத்திய கோலை ஒரு புள்ளியில் பிடித்தால், கருவி ஒளியை அனுப்பி, அந்தப் புள்ளியின் தூரத்தையும் உயரத்தையும் மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லிவிடும். மழை பெய்தால் மேலதிகாரி தன் சொந்தக் குடையை அதற்குப் பிடிப்பார், தான் நனைந்துகொண்டு நிற்பார்.

முதல் ஒன்றரை வருடம் தோட்டத் துரைமாரின் பங்களாக்களையும் ஸ்டோர் எனப்படும் தேயிலை ஆலைகளையும் கிளப்புகளையும் பழைய தேவாலயங்களையும் அளந்தோம். வரைபடத்தில் பங்களாவுக்குச் சிவப்பு, ஸ்டோருக்கு நீலம், தேவாலயத்துக்கு மஞ்சள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு நிறம் கிடையாது. ‘ஏனையவை’ என்ற பெயரில் சாம்பல் நிறப் பெட்டிகளாக அவை கிடந்தன. உள்ளே எத்தனை காம்பரா என்கிற குடியிருப்பு அறை, எந்தக் கல், எந்தக் கூரை, ஒன்றும் இல்லை. வெறும் பெட்டி.

கந்தப்பளைப் பக்கம் ஒரு பங்களாவில் நாய்க்கூடு ஒன்று இருந்தது. பங்களாவைப் போலவே கருங்கல்லில் கட்டி, அதே மாதிரிக் கூரை போட்டிருந்தார்கள். ‘அதே பாணி, அதே காலம்’ என்று அதையும் அளக்கச் சொன்னார் மேலதிகாரி. ஒரு நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து அளந்து, வாசல் வளைவு முதல் மூலை ஓடு வரை வரைந்து கொடுத்தேன். வேலை முடிந்து, அதை வரைபடத்தில் வைக்கும்போதுதான் பக்கத்தில் இருந்த சாம்பல் பெட்டியைப் பார்த்தேன். அது லயம். பத்துக் குடும்பம் குடியிருக்கிற லயம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

நான் லயத்தில் பிறந்தவள். மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறும் ஒரு தோட்டத்தில், ஒரே வரிசையில் பத்துக் காம்பராக்கள் கொண்ட கருங்கல் லயம். எங்களுடையது நாலாம் காம்பரா. ஒரே ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சிறு தாழ்வாரம், அதன் மூலையில் அடுப்பு. அப்பா அம்மா இருவரும் போன பிறகு, என்னைவிட ஏழு வயது மூத்த அக்கா தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வைத்தாள். தொண்ணூறுகளில் நான் கண்டியில் விடுதியில் தங்கி உயர்தரம் படித்தேன், பிறகு அங்கேயே படவரைஞர் பயிற்சியையும் முடித்தேன். மொத்தம் ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் ‘ஊர் எங்கே’ என்று யார் கேட்டாலும், ‘ஹட்டன் டவுன்’ என்று பதில் சொன்னேன். ஒரு தடவைகூட லயம் என்று வாய் திறந்து சொன்னதில்லை. அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கூச்சத்துக்கும் சேர்த்துத்தான் மேலதிகாரியோடு சண்டைக்குப் போனேன் என்று நினைக்கிறேன்.

“லயத்திலை என்ன கட்டடக்கலை இருக்குது, பிள்ளை?” என்றார் அவர். கிண்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

“நாய்க்கூட்டில என்னங்க இருந்துச்சு?” என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். நான் விடவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் லயத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அவர் மேசையில் வைத்தேன். சுண்ணாம்பு இல்லாமல் மண் சாந்தில் கருங்கல்லை அடுக்கிய விதம், இரும்பைச் சிக்கனப்படுத்திய கூரைச் சட்டம், மழைத் தண்ணீர் லயத்துக்குள் வராமல் திருப்பிவிட்ட பின்புறக் கான் என்று தெரிந்ததையெல்லாம் எழுதினேன். ஐந்தாம் திங்கட்கிழமை அவர் ஒரு படிவத்தை எடுத்துத் தந்தார். எங்கள் லயத்தின் பெயரை எழுதினேன். ‘பரிந்துரை’ என்ற கட்டத்தில் ‘பாதுகாக்க வேண்டியது, இடிக்கக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மாவட்டக் குழு ஏற்றுக்கொண்டது. சாம்பல் பெட்டி பச்சை நிறமானது. அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

இதையெல்லாம் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். ஹட்டனில் பஸ் ஏறும்போது நல்ல வெயில், மஸ்கெலியாவில் இறங்கும்போது மழை. லயத்துப் பீலிக் குழாயில் அக்கா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தாள். வழக்கமாக வரும் சிரிப்பு வரவில்லை.

“இந்த லயத்த ஒடைக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தது நீயாமே?”

“ஆமாக்கா. நம்ம லயந்தான் மொதல்ல…”

“எங்களுக்கு இந்த எடத்துல தனி வீடு கட்ட எழுதியிருந்துச்சு. வீட்டுக்கு ஏழு பேர்ச்சு காணி. பத்து குடும்பத்துக்கும். மொத பேரு என் பேரு. மொளக்குச்சி அடிச்சு கயிறு கட்டியாச்சு. இப்ப தோட்டத்து தொரை நம்ம யூனியன் தலைவருக்கு கடுதாசி குடுத்துட்டாரு, இது பழைய கட்டடம், அரசாங்கம் ஒடைக்க விடாதுன்னு. கடுதாசியோட ஒன் பேரு வச்ச பேப்பரும் வந்துச்சு. தலைவரு எல்லாரு முன்னாடியும் படிச்சாரு.”

லயத்தின் கடைசியில் சிவப்புக் கயிறு கட்டிய முளைகளை அப்போதுதான் கவனித்தேன். மலையில் மட்டமான நிலம் எங்கே கிடைக்கும்? இருக்கிற ஒரே மட்டம் லயம் நிற்கிற மட்டம்தான். லயம் போனால்தான் வீடு வரும்.

“சொல்லியிருக்கலாமே அக்கா, வீடு வருதுன்னு.”

“நீ கேட்டியா?”

அவளுடைய சின்னப் பெண் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். நாலு வயது. மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் மாதிரிச் சத்தம் வந்தது. மழைக்காலம் வந்தால் அவளுக்கு இந்த இழுப்பு வரும். ஈரத் தரையில் படுக்க வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மண் தரையை விட்டு ஈரம் எங்கே போகும்? நான் அலுவலகத்தில் உட்கார்ந்து அழகாக எழுதிய ‘மரபான மண் தரை’ அதுதான்.

“நாங்க இதுக்குள்ளேயே கெடக்கணும், நீ வந்து படம் புடிக்கணும், அப்பிடித்தானே?” என்றாள் அக்கா. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். அன்று எனக்குச் சாயத்தண்ணி கிடைத்தது, சோறும் கிடைத்தது, பேச்சு மட்டும் கிடைக்கவில்லை. மாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதே தீர்மானித்துவிட்டேன். கட்டிய முடிச்சை நானே அவிழ்க்க வேண்டும்.

மறுநாள் காலை மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“நீர் எழுதினது பிழையெண்டு நான் சொல்லமாட்டன்,” என்றார். “ஆனா அங்கை இருக்கிற ஆக்களைக் கேட்டனீரோ?”

“கேட்கல சார்.”

“நானும் கேக்கேல்லை. கையெழுத்து வைச்சிட்டன்.” சன்னல் வழியே பஸ்களைப் பார்த்தார். “ஒரு வழி இருக்குது. கட்டடத்தை முழுசாப் பதிவு செய்து குடுத்தால், அதை இடிக்க விடச்சொல்லிக் கேக்கலாம். அரைகுறையாக் குடுத்தால் குழு ஏற்காது. பத்து அறையும், கூரையிலிருந்து தரை வரைக்கும், ஒண்டும் விடாமல். அடுத்த கூட்டத்துக்கு மூண்டு கிழமை இருக்குது. அதைத் தவறவிட்டால் பிறகு மூண்டு மாசம்.”

மூன்று மாதம் என்றால் அதற்குள் வீட்டுத் திட்டம் வேறு தோட்டத்துக்குப் போய்விடும் என்று தலைவர் சொல்லியிருந்தார். ஆகவே எனக்கு இருந்தது அந்த மூன்று வாரம்தான். விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு, கருவியையும் தாங்கியையும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் கருவிப் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கேட்டார். கொடுத்தேன்.

லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஆறாம் காம்பராவில் இருந்த பெரியம்மா, என்னைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர், கதவிடுக்கில் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார். இந்தத் தடவை என்ன எழுதப் போகிறாளோ என்ற பயம். நியாயமான பயம்தான். நான் இஸ்தோப்பில் கருவிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பகல் கொழுந்தை எடை போட்டுவிட்டு அக்கா வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, லயத்து வாசலில் நின்று, பீலிக்கரை வரைக்கும் கேட்கிற குரலில் கத்தினாள்.

“எல்லாரும் கேளுங்க! கட்டுனதும் இவதான், அவுக்கப் போறதும் இவதான். முழுசா அளந்து குடுத்தா லயத்த ஒடைக்க விடுவாங்களாம். இவளுக்கு தரையில இருந்து கூரை வரைக்கும் காட்டணுமாம். நாளைக்கு கதவ தொறந்து வைங்க. தொறக்காதவங்க அப்புறம் எங்கிட்ட வீடு வரலன்னு வந்து நிக்கக் கூடாது!”

மறுநாள் காலை பத்துக் கதவும் திறந்திருந்தன. ஆறாம் காம்பராவில் தொடங்கலாம் என்று உள்ளே போய்த் தாங்கியை ஊன்றினேன். மூன்று கூரிய காலும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் தரைக்குள் இறங்கின. தரை ஈரம். சாணி வாசம். எட்டிப் பார்த்தால் அடுத்த காம்பராவும் ஈரம், அதற்கடுத்ததும் ஈரம். அளக்க வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பார்களே, குப்பைத் தரையோடு எப்படிக் காட்டுவது என்று, ஒன்பது காம்பராக்காரர்களும் விடியற்காலையில் எழுந்து சாணி கரைத்துத் தரையை மெழுகி வைத்திருந்தார்கள். பழைய கட்டடத்தைப் பதிவு செய்யும் முன் ஒரு தூசியைக்கூடத் தட்டக் கூடாது என்று எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பே நடத்தியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“பரவால்ல ஆயி, ஓட்டைய தீவாளிக்கு மண்ணு போடுறப்ப மூடிப்புடலாம்,” என்றார் ஆறாம் காம்பராப் பெரியம்மா. சொல்லிவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டார். “அட, தீவாளிக்கு தான் லயமே இருக்காதே!” என்று அவரே சிரித்தார். லயம் முழுக்கச் சிரித்தது. அந்த ஒரு நாள் வீணாகப் போனது. ஆனால் பயம் போய்விட்டது.

அதன் பிறகு விடாமல் அளந்தேன். பகலில் நானும் அக்காவின் கணவரும். ராகலையில் மரக்கறி லொறியில் வேலை செய்த அவர், அதற்காகவே லீவு போட்டுவிட்டு வந்து கோல் பிடித்தார். மாலையில் அக்கா பிடித்தாள். பகல் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்து, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல், கோலை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கோலில் ஒரு சிறு குமிழ் உண்டு, அது நடுவில் நின்றால்தான் கோல் நேர். அக்கா கையில் குமிழ் அசையாது. எங்கள் அலுவலகத்துப் பையன்கள் யாருக்கும் அந்தக் கை கிடையாது. அப்போதும் என்னோடு அவ்வளவாகப் பேசமாட்டாள். “இங்கயா?” என்பாள், “ம்” என்பேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாளில் அளவு முடிந்தது. ஹட்டனுக்குத் திரும்பி, அளவுகளைக் கணினியில் ஏற்றி, லயத்தைக் கட்ட ஆரம்பித்தேன். மின்சாரம் போய்ப் போய் வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சேமித்துக்கொண்டே வேலை செய்தேன். நாலு நாளில் கருங்கல் சுவரும் தகரக் கூரையும் பத்து இஸ்தோப்பும் திரையில் எழுந்து நின்றன. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மேலதிகாரி வந்து பார்த்தார். லயத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

“இதென்ன, பிள்ளை? ஒவ்வொரு அறையின்ரை தரையும் ஒவ்வொரு மட்டத்திலை கிடக்குது. கருவி பிழையோ, நீர் பிழையோ?”

நான் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு முன்னால் மண் வெட்டிச் சுமந்து வந்து, பிசைந்து, தரை முழுக்க அரை விரல் கனத்துக்குப் போட்டு மெழுகுவார்கள். வருடா வருடம். அப்படியே தரை ஏறிக்கொண்டே போகும். கதவு உரசும்போது கதவின் அடியை அறுத்துவிடுவார்கள். வேண்டுமானால் கதவுகளைப் பாருங்கள் என்று கதவுகளின் உயரத்தையும் காட்டினேன். கடைசியில் குடிவந்த பத்தாம் காம்பராவில் கதவு முழுசாக இருந்தது. ஆறாம் காம்பராவில் ஒரு சாணுக்குமேல் அறுத்திருந்தார்கள். தரையின் உயரத்தைப் பார்த்தால் அந்தக் குடும்பம் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீண்ட நேரம் பார்த்தார். “இதை நான் தெரிஞ்சிருக்கேல்லை,” என்றார். பிறகு பென்சிலால் திரையைத் தொட்டார். “அப்ப நாலாம் அறை? உம்மடை ஆக்கள் ஆறாம் அறைக்காரரோடை ஒண்டா வந்தவையெண்டு சொன்னனீர். பிறகேன் மூண்டு விரல் பதிஞ்சு கிடக்குது? உது பிழைதான். குழுவிலை முதல் கேள்வி உதுதான் வரும். திரும்ப அளந்துகொண்டு வாரும்.”

போனேன். அளந்தேன். அதே அளவு. மறுநாளும் போய், கருவியை வேறு இடத்தில் வைத்து அளந்தேன். அதே மூன்று விரல். கூட்டத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. ஒரு பிழையைக் காட்டி மொத்தப் பதிவையும் திருப்பி அனுப்பிவிட்டால், வீடு போய்விடும். எல்லாத் தரையையும் ஒரே மட்டமாக வரைந்து கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அப்படிச் செய்தால், நான் திரும்பவும் சாம்பல் பெட்டியைத்தான் வரைந்து கொடுத்தவள் ஆவேன். மூன்றாம் தடவையும் கருவியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்று ஞாயிறு. அக்காதான் கோல் பிடித்தாள். நாலாம் காம்பராவின் நடுவில் நின்றாள். எண்ணைப் பார்த்தேன். மாறவில்லை.

“அக்கா, நம்ம காம்பரா மட்டும் ஏன் கீழ கெடக்கு? எப்பவாச்சும் தரைய வெட்டி எடுத்தீங்களா?”

“வெட்டலையே.”

“பின்ன எப்பிடி? மூணு வெரலு கொறையுது. இதுக்கு காரணம் சொல்லலன்னா எல்லாம் கெட்டுப் போயிரும்.”

அக்கா கோலைச் சுவரில் சாய்த்தாள். என்னைப் பார்த்தாள். “நெசமாவே ஒனக்கு தெரியாதா?”

“தெரியாதுக்கா.”

“மண்ணு வெட்டிச் சொமக்க ரெண்டு நாளு வேணும். தீவாளிக்கு லீவும் அந்த ரெண்டு நாளுதான். நீ பரீட்ச பரீட்சன்னு வரமாட்ட. நான் பலகாரம் சுட்டு எடுத்துக்கிட்டு கண்டிக்கு வந்துருவேன். போக ஒரு நாளு, வந்து விழ ஒரு நாளு. அப்புறம் எங்க மண்ணு சொமக்கிறது? ஆறு தீவாளி. ஆளு வராத வீட்டுக்கு எதுக்கு மண்ணு போடணும்னு நானும் வுட்டுட்டேன்.”

நான் கருவியின் கண்ணுக்குள் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். விடுதிக் கேட்டுக்கு வெளியே, பால்மா டின் நிறைய அதிரசத்தோடு, நல்ல சேலை கட்டிக்கொண்டு அவள் நிற்பது தெரிந்தது. கொழுந்துச் சாயம் ஏறிய விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. சிநேகிதிகள் பார்ப்பதற்குள் அவளை அழைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய், ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, இரண்டு மணி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவேன். பரீட்சை என்று சொன்னதில் பாதி பொய். கண்டி பார்க்கும் ஆசையில் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வருடா வருடம் அவள் பார்த்த கண்டி, அந்தக் கேட்டும் அந்தக் கடையும்தான்.

“அக்கா, நான் அப்ப…”

“அழுவாத. கருவி நனைஞ்சிரும்,” என்றாள். கோலை எடுத்துக்கொண்டு மறுபடி நடுவில் போய் நின்றாள். “இங்கயா?”

“ம்.”

அறிக்கையில் ஒவ்வொரு அறைக்கும் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. மேற்கூரைத் துரு, சுவர் வெடிப்பு என்று எழுதுகிற இடம். நாலாம் காம்பராவுக்கு எதிரே நான் எழுதினேன்: ‘தரை மட்டம் மூன்று முறை அளந்து சரிபார்க்கப்பட்டது. பிழை இல்லை. இந்த வீட்டின் இளைய பெண் படிக்கப் போய், ஆறு தீபாவளிக்கு வீடு திரும்பவில்லை. அந்த ஆறு வருடமும் தரைக்கு மண் போடப்படவில்லை.’

மேலதிகாரி அதைப் படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். அறிக்கை என்றால் அதில் எங்காவது ஓரிடத்தில் அவர் சிவப்பு விழும். ஆறு தீபாவளிக்கு வராத பெண் யார் என்று அவர் கேட்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, “இது இருக்கட்டும்,” என்றார். நுவரெலியாவில் நடந்த கூட்டத்துக்கு அவரே அறிக்கையை எடுத்துக்கொண்டு போனார். நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சிங்களத்திலும் தமிழிலும் பேச்சு மாறி மாறிக் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்து, “விட்டுட்டினம்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பதிவு வரைபடத்தில் இருக்கும், கட்டடத்தை இடிக்கலாம். எனக்கு நாலு வயதுக் குழந்தையின் நெஞ்சுச் சத்தம் காதில் கேட்டது.

லயத்தை இடித்த அன்று நான் போகவில்லை என்று எழுத நினைத்தேன். போனேன். கூரைத் தகரத்தை இறக்கியபோது ஆறாம் காம்பராப் பெரியம்மா எனக்குப் பக்கத்தில் நின்றார். தரையைப் பிக்காசால் கொத்தியபோது, சாணிப் பூச்சுக்குக் கீழே மஞ்சளும் சிவப்புமாக வருட மண் தெரிந்தது. என் தாங்கியின் மூன்று ஓட்டைகளும் அதோடு போயின. அவை கணினியில் இருக்கின்றன. நான் அழிக்கவில்லை.

அக்காவின் வீடு அடுத்த தீபாவளிக்கு முன்னால் முடிந்தது. இரண்டு அறை, தனிக் குசினி, சீமெந்துத் தரை. நான் இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டேன், கருவியையும் தூக்கிக்கொண்டு. அதை எடுத்துவரச் சொன்னது அக்காதான். மேஸ்திரி தரையைச் சரிமட்டமாகப் போட்டிருக்கிறானா என்று அவளுக்குச் சந்தேகம். குழந்தை வெறுந்தரையில் படுத்து உருண்டுகொண்டிருந்தாள். அவளைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டுத் தாங்கியை நிறுத்தினேன். அக்கா கோலை எடுத்துக்கொண்டு மூலை மூலையாகப் போய் நின்றாள். நாலு மூலையும் ஒரே எண்.

“ஒரு மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்லக்கா. சரிமட்டம்.”

“நல்லா பாத்தியா?”

“நல்லா பாத்துட்டேன்.”

அக்கா வெறுங்காலால் தரையை ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள். கோலை என் கையில் கொடுத்தாள்.

“அப்ப இனிமே நீ தீவாளிக்கு வந்தியா வரலையான்னு தரைய அளந்து யாராலயும் கண்டுபுடிக்க முடியாது,” என்றாள். “அதனால, ஒழுங்கா வந்து சேரு.”